பாட்டு மண்டபத்தில் இருக்கிறது

பன்னிரண்டாவது கதவும் பூட்டியிருந்தது.

நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பொலோன்யாவிலிருந்து விடுமுறை என்று கிளம்பி மூன்று நாள் ஆகிறது. நான்கு ஊர், பன்னிரண்டு கதவு. முதல் ஊரில் அரண்மனை முழுக்கச் சாரம் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டாவது ஊரில் காவல்காரர் சாப்பிடப் போயிருந்தார். ஒன்றரைக்குப் போனவர் ஐந்தரை வரை வரவில்லை. மூன்றாவது ஊரில் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'சாவி திருமதி பீனாவிடம்'. திருமதி பீனா கடற்கரைக்குப் போயிருந்தார். ஆகஸ்டில் புத்தியுள்ள இத்தாலியன் எவனும் அங்கேதான் இருப்பான். நான் ரிமினி என்கிற கடற்கரை ஊரில் பிறந்தவன், பெயர் நேவியோ. கடல் மணலில் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டிய நான், முதலாளியம்மாவின் பையையும் குடையையும் சுமந்துகொண்டு மறுமலர்ச்சிக் காலத்துப் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளியம்மா எர்சிலியா மொந்தனாரிக்கு ஐம்பத்தெட்டு வயது. பொலோன்யாவில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். காணாமல் போன கணவன்மார்களைக் கண்டுபிடிப்பதில் பெயர் வாங்கியவர். அவர்களில் பாதிப் பேர் கிடைக்க விரும்பவில்லை என்பது வேறு கதை.

"ஒரே ஒரு கட்டிடம்," என்றார் மேடம், குடையால் படிக்கட்டைக் குத்தியபடி. "ஒரே ஒரு கட்டிடத்துக்கு உள்ள போயி நிமிர்ந்து கூரையைப் பார்க்கணும். அவ்ளோதான் கேட்டேன். இதுக்கு ஒரு நாட்டையே பூட்டி வெப்பாங்களா?"

"கையேட்டுல திறந்திருக்கும்னு போட்டிருக்கு மேடம்."

"அந்தக் கையேட்டைக் கிழிச்சுப் போடு."

கிழிக்க எனக்கும் ஆசைதான். 'மறுமலர்ச்சிக் கட்டிடங்கள்: எட்டு நாள் விடுமுறைப் பயணம்', எழுதியவர் பேராசிரியர் ஆல்விசே பெர்தான். புத்தகத்தில் திறக்கும் நேரம் ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் காஸ்தெல்வெர்னா என்கிற இந்தச் சின்ன ஊரின் சான் புரோகோலோ தேவாலயத்தைப் பற்றி எழுதியிருந்த ஒரே புத்தகம் அதுதான். இரண்டு வருஷமாக மராமத்து நடந்து, நேற்று மாலைதான் தேவாலயத்தைத் திறந்திருக்கிறார்கள். இன்று மதியம் நாங்கள் வந்து நிற்கிறோம், கதவின் குறுக்கே போலீஸ் நாடா ஓடுகிறது.

நாடாவைக் காவல் காத்துக்கொண்டு ஜீப்பின் நிழலில் ஒரு மார்ஷல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் தெயானா, சர்தீனியாத் தீவுக்காரர். கராபினியேரி போலீஸ்காரனைச் சொந்த ஊர்ப் பக்கம் வேலைக்குப் போடுவதில்லை என்பது எங்கள் நாட்டு வழக்கம். இவர் இந்த ஊருக்கு வந்து பத்து வாரம் ஆகியிருந்தது.

"மேடம், உங்களைப் பேப்பர்ல பார்த்திருக்கேன். இருந்தாலும் விட முடியாது. போப்பாண்டவரே வந்து நின்னாலும் விட மாட்டேன்."

"அஞ்சே நிமிஷம்."

"நானே வாசல் அறையைத் தாண்டி உள்ள போகல. கலைப்பொருள் பிரிவு ஆளுங்க வர்ற வரைக்கும் யாரும் கால் வெக்கக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு. செவ்வாக்கிழமைதான் வருவாங்க."

"ஏன் செவ்வா?"

மார்ஷல் தரையைப் பார்த்தார். "கடலுக்குப் போயிருக்காங்க."

மேடத்தைப் பார்க்க மட்டும் செய்தேன். அதற்கே முறைப்பு கிடைத்தது.

விஷயத்தை மார்ஷலே சொன்னார். வாசலை ஒட்டிய சின்ன அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மரச் சிற்பம் இருந்ததாம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், இந்தத் தேவாலயத்தைக் கட்டும் முன்பு, கட்டியவனே வால்நட் மரத்தில் செதுக்கிக் காட்டிய குட்டித் தேவாலயம். ஊரார் அதைச் 'சின்னக் கோயில்' என்பார்கள். நேற்று மாலை திறந்த இரண்டு மணி நேரத்துக்குள் அதைக் காணோம். சாவி, தேவாலயத்தைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தோல்ஃபோ ஒருவரிடம்தான் உண்டு.

"அவரே ஒத்துக்கிட்டார் மேடம். எங்க வெச்சிருக்கேன்னு கேட்டேன். பாட்டு மண்டபத்துல இருக்குன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னார்."

பாட்டு மண்டபம் என்றால் பீடத்துக்குப் பின்னால் பாடகர்கள் நிற்பதற்காகக் கட்டும் இடம்.

"கூட, நேர்ல பார்த்த சாட்சியும் இருக்கு. படிச்ச மனுஷன். கேளுங்க." மார்ஷல் காகிதத்தைப் பிரித்து வாசித்தார். "'நேற்று மாலை நான்கு மணிக்கு நான் பீடத்தின் படிவரை நடந்து சென்றேன். அங்கிருந்து எட்டு ஒன்பது மீட்டர் தூரத்தில், பாட்டு மண்டபத்தின் கடைசித் தூணருகே, கோயில்பிள்ளை தோல்ஃபோ சாக்கில் சுற்றிய ஒரு பொருளோடு குனிந்து நின்றதைக் கண்டேன். பேராசிரியர் ஆல்விசே பெர்தான்.'"

"இந்தாளா?" என்று கையேட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"அவரேதான். டென்மார்க்ல இருந்து வந்த ரிட்டயர்டு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுச் சுத்துறார். நாலரைக்கு அவங்க பஸ். அஞ்சு மணிக்கு நான் தோல்ஃபோவை ஃபோர்லி ஜெயிலுக்குக் கொண்டுபோறேன். நாளைக்குப் பண்டிகை, நீதிபதி லீவு. செவ்வா வரைக்கும் உள்ளதான் இருக்கணும்."

மணி இரண்டரை. வெயில் மண்டையைப் பிளந்தது. சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் ஒரு காப்பிக் கடை இருந்தது. அதாவது திறந்திருந்தது. மூன்று நாளில் எங்களைப் பார்த்துத் திறந்திருந்த முதல் கதவு அதுதான்.

கடையை நடத்திக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். அழுது கண் வீங்கியிருந்தது. மூலையில் நான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"காப்பில போட ஐஸ் இருக்கா?" என்று கேட்டேன்.

"பாட்டு மண்டபத்துல இருக்கு," என்றாள்.

"அதைத்தான் சீல் வெச்சுட்டாங்களே. ஐஸைக் கொண்டுபோயி அங்க ஏன் வெச்சீங்க?"

சீட்டாடுகிறவர்கள் சீட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் ஜோக் சொல்லி நாலு பேர் சிரிப்பது வழக்கம். என்னை வைத்துச் சிரிப்பது வழக்கமில்லை.

"வெளியூரா அண்ணே?" என்றாள் அந்தப் பெண். "இல்லைங்கறதுக்கு எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். வராத பஸ்ஸு, கிடைக்காத வேலை, எல்லாம் பாட்டு மண்டபத்துலதான் இருக்கும். ஐஸ் தீர்ந்துபோச்சு, அவ்ளோதான்."

மேடம் வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே கீழே வைத்தார்.

"நீ தோல்ஃபோவுக்கு என்னம்மா வேணும்?"

"பொண்ணு. நெரினா." அவள் துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தாள். "நாளைக்கு மாதா பண்டிகை. முப்பத்தோரு வருஷமா பெரிய கதவை அப்பாதான் திறப்பாரு. ரிப்பேர்னு ரெண்டு வருஷம் திறக்கல. இந்த வாட்டி திறக்கப் போறோம்னு புதுச் சட்டை தெச்சு வெச்சிருக்காரு. அதைப் போட்டுக்கிட்டு ஜெயிலுக்குப் போகச் சொல்றாங்க."

"சின்னக் கோயில் எங்கன்னு போலீஸ் கேட்டப்ப, உங்கப்பா என்ன சொன்னாருன்னு தெரியுமா?"

"என்ன சொல்லியிருப்பாரு, திருடன்னு நெனச்சுக் கேட்டா அவருக்குக் கோபம்தான் வரும். கோபம் வந்தா..." நெரினா நிறுத்தினாள். துணி கையிலிருந்து விழுந்தது. "ஐயோ, அதையா சொன்னாரு?"

"அதைத்தான் சொன்னாரு. வாக்குமூலம்னு எழுதி வெச்சிருக்காங்க."

நெரினா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மார்ஷலிடம் ஓடினாள். கால் மணி நேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினாள். பேச்சு வழக்கு புரிந்தது என்றாராம் மார்ஷல், வருத்தப்பட்டாராம், ஆனால் ஒரு கையெழுத்துப் போட்ட சாட்சி இருக்கும்போது தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றாராம்.

"ஏம்மா, இல்லாததுக்கு எல்லாம் ஏன் பாட்டு மண்டபம்னு பேரு வந்துச்சு?" என்று மேடம் கேட்டார்.

அதற்குள் பதினொரு டென்மார்க்காரர்கள் ஒரே சமயத்தில் உள்ளே நுழைந்து பதினொரு விதமான பானம் கேட்டார்கள். நெரினா அந்தப் பக்கம் போய்விட்டாள். மேடத்துக்கு அது பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார், நான் பின்னால் ஓடினேன்.

"எங்க மேடம்?"

"உள்ள விட மாட்டாங்கன்னா வெளியில இருந்தாவது பார்ப்பேன். இதுக்கும் நாடா கட்டியிருக்காங்களா என்ன?"

கோபத்தில்தான் அந்தத் தேவாலயத்தைச் சுற்றினார். துப்புக்காகச் சுற்றினார் என்று பின்னாளில் பத்திரிகையில் வந்தது. நான் கூட இருந்தவன், எனக்குத் தெரியும். வெறும் கோபம். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு திட்டு விழுந்தது. கட்டியவனுக்கு ஒன்று, பூட்டுக் கண்டுபிடித்தவனுக்கு இரண்டு.

பக்கச் சந்து வழியாகப் பின்னால் போனோம். தலைக்கு மேல் குவிமாடம் உருண்டு நின்றது. அங்கே மேடம் நின்றார்.

"கையேட்டுல என்ன போட்டிருக்கு, படி."

"கிழிக்கச் சொன்னீங்களே."

"படிடா."

படித்தேன். "'பீடம் குவிமாடத்துக்கு நேர் கீழே அமைந்துள்ளது. அதன் பின்னே ஒன்பது மீட்டர் ஆழத்துக்கு நீள்கிறது அழகிய பாட்டு மண்டபம். இருபுறமும் நான்கு நான்கு தூண்கள். கடைசித் தூண் வரை நடந்து பார்க்கத் தவறாதீர்கள்.'"

"குவிமாடம் எங்க முடியுது?"

"இதோ, எனக்கு நேரா."

"அங்க இருந்து ஒன்பது மீட்டர் பின்னால நட."

ஒரு அடி வைத்தேன். இரண்டாவது அடி வைத்தபோது ஒரு கிழவியின் ஈரப் போர்வை முகத்தில் அறைந்தது. நான் நின்றது தெரு. ஒரு கார் போனால் மனிதன் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய தெரு. எதிர்வீட்டுத் துணிக்கொடியின் ஒரு முனையைத் தேவாலயத்தின் பின்சுவரில்தான் கட்டியிருந்தார்கள்.

"மேடம், மண்டபத்தை யாரோ திருடிட்டாங்க."

மேடம் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மூன்று நாளில் முதல் தடவையாகத் திட்டு நின்றிருந்தது.

"மண்டபமே கிடையாதுடா. கட்ட இடமில்ல. தெருவை விட்டுத் தர மாட்டேன்னு அந்தக் காலத்துல எவனோ அடம் பிடிச்சிருக்கான். கட்டினவன் கெட்டிக்காரன். ஒரு முழச் சுவர்ல சாந்தை வெச்சு, தூணைச் சரிவாச் செதுக்கி, சாயம் பூசி, ஒன்பது மீட்டர் ஆழம் காட்டியிருக்கான். வாசல்ல நின்னு பார்த்தா மண்டபம். கிட்டப் போனா சுவர். ஊர்க்காரங்களுக்கு இது தெரியும், அதான் இல்லாததுக்கெல்லாம் அந்தப் பேரு."

"அப்போ கடைசித் தூண்கிட்ட தோல்ஃபோ நின்னதை அந்தப் பேராசிரியர் எப்படிப் பார்த்தாரு?"

"தோல்ஃபோ சுண்டு விரல் அளவு இருந்தா நிக்கலாம். அந்தாளு பீடத்துப் படி வரைக்கும் போகவே இல்ல. வாசலைத் தாண்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். வாசல்ல நின்னிருக்கான். வாசலை ஒட்டித்தான் சின்னக் கோயில் இருந்த அறை."

"வாங்க மார்ஷல்கிட்ட சொல்லுவோம்."

"சொன்னா? கண்ணு ஏமாந்துடுச்சுங்க, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறிடுவான். பொய் சாட்சின்னு ஆகும், திருட்டுன்னு ஆகாது. பொருள் வேணும் நேவியோ. மணி என்ன?"

"மூணே முக்கால்."

பெர்தான் தங்கியிருந்த விடுதி ஊர்க் கோடியில் இருந்தது. ஏற்றம். நான் பையோடு ஏறினேன், மேடம் வாயோடு ஏறினார். போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸின் வயிற்றுக் கதவு திறந்து கிடந்தது. டென்மார்க்காரர்களின் பெட்டிகளை மேடம் ஒன்றுவிடாமல் நோட்டம் விட்டார். சின்னக் கோயில் ஒரு முழ நீளமாவது இருக்கும் என்றிருந்தார் மார்ஷல். அதை வைக்கிற அளவுக்கு ஒரு பெட்டியும் இல்லை. பெர்தானிடம் இருந்ததோ தோளில் மாட்டும் ஒரு பைதான். ஆள் வெள்ளை உடுப்பும் பட்டுக் கழுத்துத் துணியுமாக, வியர்க்காமல் நின்றார். எனக்கு அதிலேயே அவரைப் பிடிக்காமல் போயிற்று.

பக்கத்தில் மார்ஷல் தெயானாவும் நின்றார். சாட்சிக் காகிதத்தின் இரண்டாம் பிரதியில் கையெழுத்து வாங்க வந்திருந்தார்.

"ஒண்ணும் இல்ல," என்றார் மேடம் என் காதில். குரல் கம்மியிருந்தது. மணி நாலு இருபத்தைந்து. அவர் தோற்றுப்போகிறபோது எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். குடையைக் கைமாற்றிக்கொண்டே இருப்பார். அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, சும்மா நிக்கிறியே, இதைக் கொஞ்சம் ஏத்து," என்றார் பெர்தான் என்னைப் பார்த்து. பையும் குடையும் சுமப்பவனைப் பார்த்தால் எல்லோருக்கும் வேலை சொல்லத் தோன்றும்.

அவர் காட்டிய மேஜையில் வரிசையாக ஐந்து அட்டைக் கோயில்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. சுற்றுலாக்காரர்களுக்குப் பாடம் சொல்வதற்கு அவரே அட்டையும் வெள்ளைத் தாளும் ஒட்டிச் செய்தவையாம். முதலாவதைத் தூக்கினேன், இறகு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் நான்காவதும் ஒரே கையில் போயின. ஐந்தாவதைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அட்டைன்னு சொன்னீங்க, அடுப்பைத் தூக்குற மாதிரி இருக்கு," என்று முனகினேன்.

குடை கைமாறுவது நின்றது.

"கீழ வை நேவியோ," என்றார் மேடம். பிறகு பெர்தானிடம், ரசிகை போலச் சிரித்துக்கொண்டே, "எல்லாம் உங்க கைவேலையா ஐயா?"

"ஒவ்வொண்ணும்."

"இது சான் புரோகோலோதானே? பின்பக்கம் நீளமா இருக்கே, இதுதான் அந்தப் பாட்டு மண்டபமா?"

"ஒன்பது மீட்டர். அளவு மாறாமச் செஞ்சது. ஜாக்கிரதை, தொடாதீங்க."

மேடம் தொட்டார். தொட்டு, இழுத்தார். மண்டபம் மொத்தமும் 'சர்ர்' என்று கையோடு வந்துவிட்டது. உள்ளே பசை இன்னும் காயவில்லை. தாள் கிழிந்த இடத்தில் கருப்பும் பழுப்புமாகப் பழைய மரம் தெரிந்தது. மரத்தின் முதுகில் ஒரு விரல் ஆழத்துக்குள் எட்டுத் தூண்கள், ஒன்றைவிட ஒன்று குட்டையாக, சரிந்து சரிந்து நின்றன.

"நீங்க ஏன் அதை உடைக்கிறீங்க?" என்று கத்தினார் பெர்தான். "அது ஏற்கெனவே உடைஞ்சிருந்துச்சு. நான் எடுக்கும்போதே பின்பக்கம் இல்ல, நான்தான் கஷ்டப்பட்டு..."

அவர் வாயை மூடிக்கொண்டபோது நேரம் கடந்திருந்தது. மார்ஷல் தெயானா கையிலிருந்த காகிதத்தை மெல்ல மடித்தார்.

"எடுக்கும்போதேவா?" என்றார்.

"உடையல ஐயா," என்றார் மேடம். "ஐந்நூறு வருஷமா அது அப்படித்தான். திருடினதோட நிக்காம ரிப்பேரும் செஞ்சிருக்கீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. எட்டு நாள்ல மறுமலர்ச்சியைக் காட்டுறேன்னு புத்தகம் போட்டீங்களே, ஒரு நாளாவது ஒரு கட்டிடத்துக்கு உள்ள நடந்து போனீங்களா?"

பஸ்ஸில் உட்கார்ந்திருந்த டென்மார்க்காரர்கள் கைதட்டினார்கள். இதுவும் சுற்றுலாவில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய ஜீப் ஐந்துக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே கிளம்பியது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் வெள்ளை உடுப்புக்காரர், இப்போது நன்றாகவே வியர்த்திருந்தார். போகும் முன் மார்ஷல் மேலிடத்துக்குப் போன் போட்டு, நாடாவைத் தன் கையாலேயே அவிழ்த்து, தோல்ஃபோவின் கையில் சாவியைக் கொடுத்து, சர்தீனியா வழக்கப்படியோ என்னவோ, தொப்பியைக் கழற்றி நின்றார்.

தோல்ஃபோ குட்டையான மனிதர். புதுச் சட்டை கசங்கிப் போயிருந்தது. சாவியை வாங்கியவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "சின்னக் கோயில் உடையலையே?" என்றுதான் கேட்டார். நான் நீட்டினேன். நகத்தால் வெள்ளைத் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். அந்த ஒரு விரல் பள்ளத்துக்குள் கட்டை விரலை விட்டு எட்டுத் தூணையும் தடவி எண்ணிவிட்டு அழுதார். நெரினா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மேடம் அதற்கு மேல் பொறுக்கவில்லை. குடையை என்னிடம் எறிந்துவிட்டுப் படியேறினார். பெரிய கதவில் கை வைத்த சமயம் மேலே மணி ஐந்து அடித்தது.

"அஞ்சு மணி," என்றார் தோல்ஃபோ, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மூடுற நேரம் மேடம்."

"என்னது?"

"எனக்குக் கட்டுப்பாடுன்னு ஒண்ணு இருக்குங்க. முப்பத்தோரு வருஷமா ஒரு நாள்கூட மீறல. அதோட, நாளைக்கு நாப்பது விளக்கு துடைக்கணும், பூ கட்டணும்."

"உங்களை ஜெயிலுக்குப் போகாமக் காப்பாத்தினது நான்."

"அதனாலதான் சொல்றேன். நாளைக்குக் காலைல வாங்க. ஊரே திரண்டு வரும், நிக்க இடம் இருக்காது. ஆனா உங்களை நிக்க விடுவேனா?" முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் சொன்னார். "பாட்டு மண்டபத்துல ரெண்டு நாற்காலி போட்டு வெக்கிறேன்."

நெரினா காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்தவள் நிறுத்த முடியாமல் கதவிலேயே சாய்ந்துகொண்டாள். மேடம் பன்னிரண்டாவது கதவை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, படியிறங்கி வந்து என்னிடமிருந்து குடையை வாங்கிக்கொண்டார்.

"நேவியோ," என்றார், "இங்க இருந்து ரிமினி எவ்வளவு தூரம்?"